சமையல் குறிப்பு என்பது கட்டுரை அல்ல

சமையல் தளம் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், பதில் தயாராக இருக்கிறது. டொமைன் வாங்குங்கள், ஹோஸ்டிங் எடுங்கள், வேர்ட்பிரஸ் நிறுவுங்கள், பிடித்த தீம் ஒன்றைப் போடுங்கள், சமையல் குறிப்புக்கென்றே இருக்கும் பிளகின்களில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எழுத ஆரம்பியுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்தால் ஞாயிறு இரவுக்குள் தளம் எழுந்துவிடும். யூடியூப் பாடங்களும் பயிற்சி வகுப்புகளும் தளம் அமைத்துத் தரும் சிறு நிறுவனங்களும் இதையே சொல்கின்றன. மறுத்துப் பேசுகிறவர்கள் குறைவு.

இந்த வாதத்துக்கு வலு உண்டு. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்த கட்டற்ற மென்பொருள்; காசு கேட்பதில்லை. உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதன்மீது நிற்கின்றன என்பதால் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடைக்கும். தமிழில் தட்டச்சு செய்யத் தடையில்லை. சமைக்கத் தெரிந்தவர் நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை. தேடுபொறி எதிர்பார்க்கும் அடையாளங்களை பிளகினே பின்னால் எழுதிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நல்ல எண்ணமும் இருக்கிறது: எழுத வந்தவரின் குறுக்கே கருவி நிற்கக் கூடாது.

நான் மறுப்பது வேர்ட்பிரஸை அல்ல. இந்தப் பதில் யோசிக்காமல் ஏற்றுக்கொண்ட ஓர் அனுமானத்தை மறுக்கிறேன். தலைப்பு, படம், கீழே உரை, இவ்வளவுதான் சமையல் குறிப்பு என்பது அந்த அனுமானம். அது தவறு. ஒரு குறிப்புக்குள் பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அளவும் அலகும் பக்குவமும் இருக்கின்றன. செய்முறைக்கு வரிசையும் நேரமும் இருக்கின்றன. ஒரு குறிப்பு இன்னொரு குறிப்பைச் சார்ந்து நிற்கிறது. இவற்றைத் தனித்தனியாக வைக்க இடம் ஒதுக்காமல் எல்லாவற்றையும் ஒரே உரைப்பெட்டியில் கொட்டும் தளம், குறிப்புகளைச் சேமிப்பதில்லை. குறிப்புகளைப் பற்றிய கட்டுரைகளைச் சேமிக்கிறது. முப்பது குறிப்பு இருக்கும்வரை இந்த வேறுபாடு தெரியாது. முந்நூறு வரும்போது தெரியும். அப்போது திருத்துவது மிகக் கடினம்.

1. பதிவு என்ற அச்சு சமையலுக்காக வார்க்கப்பட்டதா?

இல்லை. வேர்ட்பிரஸ் வலைப்பதிவுக்காகப் பிறந்தது. அதன் தரவுத்தளத்தில் ஒரு பதிவுக்குத் தலைப்பு, உடல், தேதி, ஆசிரியர் என்று இடங்கள் உண்டு. அன்றாடம் எழுதுகிறவருக்கு இது பொருத்தமான அமைப்பு. புதியது மேலே, பழையது கீழே. ஆனால் மோர்க்குழம்புக் குறிப்பு 2016இல் எழுதப்பட்டதா 2024இல் எழுதப்பட்டதா என்பது சமைப்பவருக்குத் தேவையே இல்லாத செய்தி. வீட்டில் புளித்த மோரும் ஒரு துண்டு பூசணியும் இருக்கின்றன, அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்குத் தேதி வரிசையால் பதில் சொல்ல முடியாது.

இத்தகைய மென்பொருள்களை உருவாக்கியவர்களே இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2010 ஜூனில் வந்த வேர்ட்பிரஸ் 3.0, சாதாரணப் பதிவோடு சேராத தனி வகைகளை உருவாக்கிக்கொள்ளும் வசதியை முழுமையாகத் தந்தது. வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் டுரூபல்; 2011 ஜனவரியில் வந்த அதன் 7ஆம் பதிப்பு, ஒவ்வொரு வகைக்கும் வேண்டிய கட்டங்களை நாமே சேர்த்துக்கொள்ளும் வசதியை மென்பொருளின் மையத்திலேயே வைத்தது. 2018 முதல் டுரூபலோடு ஒரு மாதிரித் தளம் சேர்ந்து வருகிறது. அதன் பெயர் உமாமி; கற்பனையான ஓர் உணவு இதழின் தளம். அதில் சமையல் குறிப்பு ஒரு தனி வகை. தயாரிப்பு நேரம், சமைக்கும் நேரம், எத்தனை பேருக்கு, எவ்வளவு கடினம், பொருட்கள், செய்முறை என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில் இருக்கும். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் எதற்குப் பயன்படும் என்று உலகுக்குக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது சமையல் குறிப்பை. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் எழுதுங்கள் என்றுதான் நம் பாடங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

உமாமியும் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பொருட்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் அளவும் அலகும் பொருளும் ஒரே வரியாகக் கிடக்கின்றன.

2. பிளகின் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். யாருக்காகப் பார்த்துக்கொள்கிறது?

சமையல் பிளகின்களின் வடிவம் சமையலறையிலிருந்து வரவில்லை, தேடுபொறியிலிருந்து வந்தது. 2011இல் கூகுள், பிங், யாகூ ஆகியவை சேர்ந்து ஸ்கீமா என்ற பொதுச் சொற்தொகுதியைத் தொடங்கின. பக்கத்தில் இருப்பது சமையல் குறிப்பா, திரைப்படமா, நிகழ்ச்சியா என்று இயந்திரத்துக்குச் சொல்லும் முறை அது. தேடல் முடிவில் படத்தோடும் நேரத்தோடும் குறிப்பு தோன்றுவது இதனால்தான். நல்ல ஏற்பாடு; அதைப் பயன்படுத்தாமல் விடச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படமுள்ள முடிவுக்குக் கூகுள் கட்டாயமாகக் கேட்பவை இரண்டே: பெயர், படம். மற்றவை இருந்தால் நல்லது என்ற நிலை. பொருட்களை வரிக்கு ஒன்றாக உரையில் கொடுத்தாலே அதற்குப் போதும். பிளகின் அந்தத் தேவையை நிறைவு செய்கிறது. நம் தேவையை அல்ல.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொற்தொகுதியில் தயாரிப்பு நேரம், சமைக்கும் நேரம், மொத்த நேரம் என்ற மூன்றே புழக்கத்தில் இருக்கின்றன. இட்லியை இதில் எங்கே வைப்பது? அரிசியும் உளுந்தும் ஊற நான்கைந்து மணி நேரம், அரைக்க அரை மணி, புளிக்க ஓர் இரவு, வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தயாரிப்பு நேரத்தில் 30 நிமிடம் என்று போட்டால், மாலை ஏழு மணிக்கு இரவு உணவுக்காகத் திறந்தவரை ஏமாற்றுகிறோம். 14 மணி நேரம் என்று போட்டால், குறைந்த வேலையில் செய்யக்கூடியவற்றைத் தேடுகிறவர் கண்ணில் இட்லி படாமலே போகும். கையால் வேலை செய்யும் நேரம் வேறு, காத்திருக்கும் நேரம் வேறு. அந்தக் காத்திருப்பிலும் ஊறுவது வேறு, புளிப்பது வேறு, வெயிலில் காய்வது வேறு. வடாம், வற்றல், ஊறுகாய் எல்லாம் நாள் கணக்கில் வெயிலைக் கேட்பவை. நம் சமையலின் முதுகெலும்பே இந்தக் காத்திருப்பில் இருக்கும்போது, அதற்குக் கட்டமே இல்லாத வடிவத்தை அப்படியே ஏற்பது நம் சமையலைத் தவறாகப் பதிவு செய்வதாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. சில பிளகின்கள் குறிப்பைத் தம்முடைய வடிவில் பூட்டி வைக்கின்றன. பக்கத்தில் ஒரு குறுங்குறி மட்டும் நிற்கும்; பிளகின் இருக்கும்வரை அந்த இடத்தில் அழகான அட்டை தெரியும்; எடுத்துவிட்டால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் மட்டும் மிஞ்சும். ஜிப்லிஸ்ட் என்ற சமையல் குறிப்புச் சேவையை அமெரிக்க உணவு வலைப்பதிவர்கள் பலர் நம்பியிருந்தார்கள். 2012இல் கோண்டே நாஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. 2014இல் சேவை மூடப்பட்டது. நம்பியவர்கள் தங்கள் குறிப்புகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. குறிப்பு என் சொத்து என்று நினைப்பவர், அது யாருடைய வடிவில் கிடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

3. படிப்பவருக்கு உரை போதாதா?

போதாது. இந்த இடத்தில்தான் நான் அதிகம் சண்டை பிடிக்க விரும்புகிறேன், ஏனென்றால் இழப்பு மிக அதிகம் நேர்வது இங்கே.

ஒரு கப் அரிசி என்று எழுதுகிறோம். எந்தக் கப்? அரிசிக் குக்கரோடு வரும் கப் 180 மில்லி லிட்டர். கடையில் வாங்கும் அளவுக் கப் 240 அல்லது 250. 180க்கும் 240க்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு. அரிசியையும் உளுந்தையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் காப்பாற்றும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று எந்தக் கப்பிலும் நாலுக்கு ஒன்றுதான். ஆனால் அதே குறிப்பில் உப்பு தேக்கரண்டியிலும் புளி கிராமிலும் வந்துவிட்டால் விகிதம் குலைகிறது. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. சென்னையில் எழுதிய குறிப்பை மெல்போர்னில் சமைக்கும் ஒருவருக்கு ஏன் காரம் ஏறிப்போனது என்று புரியாது. கப் என்பது என் தளத்தில் இத்தனை மில்லி என்று ஓரிடத்தில் வரையறுத்து, அலகைத் தனிக் கட்டத்தில் வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது. உரைக்குள் எழுதிய கப்பை அப்படி வரையறுக்க வழியில்லை.

நாலு பேருக்கான குறிப்பை எட்டுப் பேருக்கு மாற்றும் பொத்தானைப் பல பிளகின்கள் தருகின்றன. சிலவற்றில் அது உரையில் எண்ணைத் தேடிப் பெருக்குகிறது. நாம் எப்படி எழுதுகிறோம்? ஒன்றரை கப் பருப்பு, முக்கால் கரண்டி மஞ்சள்தூள், கால் படி அரிசி. எண்ணைத் தேடும் நிரலுக்கு ஒன்றரை என்ற சொல் எண் அல்ல. 2 கப் அரிசி 4 கப் ஆகும். ஒன்றரை கப் பருப்பு ஒன்றரையாகவே நிற்கும். சமைப்பவர் அதை நம்பி அடுப்பில் ஏற்றுவார். எண் சரியாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே போலப் பெருக்கக் கூடாது என்று கல்யாணச் சமையல்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றும் கணக்கு வேறு. தாளிக்கும் எண்ணெயும் மிளகாயும் உப்பும் பத்து மடங்குக்குப் பத்து மடங்கு ஏறுவதில்லை. இந்தப் பொருள் நேர்விகிதத்தில் கூடாது என்று சொல்ல ஒரு சிறு குறியீடு வேண்டும். பொருளுக்குத் தனி வரிசை இருந்தால்தான் அதை வைக்க முடியும்.

அடுத்தது பெயர். கொத்தமல்லி விதையை ஒருவர் தனியா என்கிறார், ஒருவர் மல்லி என்கிறார். கத்தரிக்காயா கத்திரிக்காயா என்பது எழுதுகிறவரின் பழக்கம். யாழ்ப்பாணத்தில் எலுமிச்சை தேசிக்காய், காய்ந்த மிளகாய் செத்தல் மிளகாய், சீரகம் நற்சீரகம், பூண்டு உள்ளி. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், தட்டிய எழுத்துத் தொடர் தலைப்பிலும் உரையிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும், அவ்வளவுதான். தனியா என்று தேடியவருக்கு மல்லி வராது. டொரண்டோவில் வளர்ந்த ஈழத்துப் பெண், அம்மா சொன்ன சொல்லைத் தட்டினால், தமிழ்நாட்டில் எழுதிய நூறு குறிப்புகளில் ஒன்றுகூட அவளுக்குக் கிடைக்காது. பொருளை ஒரு தனிப் பதிவாக வைத்து, அதற்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் அதனடியில் சேர்த்துவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். இரண்டு நாட்டுத் தமிழர்கள் ஒரே தளத்தில் சமைக்க முடியும் என்பதற்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

இதைவிடக் கடுமையான காரணமும் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வகைகளில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்படுகிறது. கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிக்குச் சாம்பார் பாதுகாப்பானது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவருக்கு அதுவே நோயைக் கிளறும். எள் சார்ந்த ஒவ்வாமை உயிரையே எடுக்கக்கூடியது. அமெரிக்கா 2021இல் இயற்றிய சட்டத்தின்படி 2023 ஜனவரி முதல் எள் அந்நாட்டின் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள், உறையிலிட்ட உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டியது. நம் குறிப்புகளில் எள் என்ற சொல்லே இருக்காது. நல்லெண்ணெய் என்று இருக்கும். உரைக்குள் புதைந்த நல்லெண்ணெயை யார் தேடி எடுத்து எச்சரிப்பது? பொருள் தனிப் பதிவாக இருந்தால், நல்லெண்ணெயின் பதிவில் ஒரே ஒருமுறை எள் என்று குறித்தால் போதும். அது சேரும் ஒவ்வொரு குறிப்பிலும் எச்சரிக்கை தானே வந்து நிற்கும். புளியோதரையில், மிளகாய்ப்பொடியில், எண்ணெய்க் கத்தரிக்காயில், எல்லாவற்றிலும். உரைப்பெட்டித் தளத்தில் இதைச் செய்ய ஒவ்வொரு பக்கத்தையும் திறக்க வேண்டும். யாரும் திறக்கப்போவதில்லை.

இதே கணக்குதான் ஒன்றைச் சார்ந்து இன்னொன்று நிற்கும் குறிப்புகளுக்கும். ஒரு வீட்டுச் சாம்பார்ப் பொடியை நம்பி நாற்பது குழம்புகள் நிற்கும். ஒரே மாவு இட்லியாகும், மூன்றாம் நாள் ஊத்தப்பமாகும், குழிப்பணியாரமாகும். பொடியில் மிளகாயின் அளவைத் திருத்தினால் நாற்பது பக்கங்களையும் திருத்த வேண்டிய நிலை, குறிப்புகளுக்கிடையே உறவு வைக்கத் தெரியாத தளத்தில் மட்டுமே ஏற்படும்.

4. பிறகு மாற்றிக்கொள்ளலாமே?

நியூயார்க் டைம்ஸ் நாளிதழைப் பாருங்கள். 2014இல் அது குக்கிங் என்ற சமையல் தளத்தைத் தொடங்கியது. கையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குறிப்புகள் இருந்தன. பொருட்கள் உரை வரிகளாக இருந்தன. அளவு எது, அலகு எது, பொருள் எது, நறுக்கும் பக்குவம் எது என்று பிரிப்பதற்கு அதன் பொறியாளர்கள் புள்ளியியல் முறையில் கற்றுக்கொள்ளும் ஒரு நிரலை எழுத வேண்டியிருந்தது. அந்த நிரலுக்குக் கற்பிக்க, மனிதர்கள் கையால் பிரித்துக் குறித்த லட்சத்துக்கு மேற்பட்ட வரிகள் தேவைப்பட்டன. 2015இல் அந்த முறையை அவர்களே விளக்கி எழுதினார்கள். நிரலையும் பொதுவில் வைத்தார்கள். அவ்வளவுக்குப் பிறகும் அது எல்லா வரிகளையும் சரியாகப் பிரிக்கவில்லை.

பொறியாளர்களும் பணமும் கையில் இருந்த நிறுவனத்தின் நிலை அது. மதுரையில் அம்மாவின் முந்நூறு குறிப்புகளைத் தனியாளாக ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வது, மாற்றவே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். தொடக்கத்தில் ஒரு குறிப்புக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். பின்னால் ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, நினைவுபடுத்தி, பிரித்து எழுத ஆகும் நேரம் அதைவிடப் பல மடங்கு. நினைவுபடுத்த முடியாதவையும் இருக்கும், ஏனென்றால் சொன்னவர் அப்போது உயிரோடு இருக்கமாட்டார்.

5. இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, அது பிரித்துத் தராதா?

எழுதியதைப் பிரிக்கும். எழுதாததை எங்கிருந்து எடுக்கும்? எலுமிச்சை அளவு புளி என்ற வரியைப் படித்து, அளவு எலுமிச்சை, பொருள் புளி என்று அழகாகப் பிரித்து வைக்கும். அந்த எலுமிச்சை நாட்டு எலுமிச்சையா, பெரியதா, கையில் இருந்தது பழம்புளியா புதுப்புளியா என்பது அந்த வரியில் இல்லை. எத்தனை கிராம் என்று இயந்திரத்தைக் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லும். அது பிற குறிப்புகளிலிருந்து எடுத்த சராசரி, இந்த வீட்டு ரசத்தின் புளிப்பு அல்ல. சராசரியான ரசம் நமக்கு ஏற்கெனவே எங்கும் கிடைக்கிறது.

கட்டம் என்பது ஒரு கேள்வி. ஊற எவ்வளவு நேரம், எத்தனை பேருக்கு, எந்த அரிசி, எதற்குப் பிறகு எது என்று அது எழுதுகிறவரைக் கேட்கிறது. பதில் தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கேட்கிறது. காலி உரைப்பெட்டி எதையும் கேட்பதில்லை. அதனால்தான் நம் சமையல் தளங்களில் இத்தனை குறிப்புகள் எத்தனை பேருக்கு என்ற விவரம்கூட இல்லாமல் கிடக்கின்றன. எழுதியவர்களின் அலட்சியம் என்று இதைச் சொல்வது நியாயமல்ல. அவர்களை யாரும் கேட்கவில்லை.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் சமைத்துப் பார் நூலை வெளியிட்டபோது பொருட்களை அளவோடு தனியே பட்டியலிட்டு, பிறகு செய்முறையைச் சொன்னார். பக்கத்தில் நின்று சொல்லித்தரப் பெரியவர்கள் இல்லாத வீட்டிலும் ஒரு பெண் அதைப் பிரித்துவைத்துச் சமைக்க முடிந்தது. இந்த ஒழுங்கு மேற்கிலிருந்து கணினியோடு வந்தது என்று நினைப்பவர்கள் அந்த நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

6. கட்டம் கட்டினால் எழுத்தின் உயிர் போய்விடாதா?

எதிர்வாதங்களில் நான் மிகவும் மதிப்பது இதை. பாட்டியின் கைப்பக்குவத்தைப் படிவமாக நிரப்பச் சொன்னால் பாட்டி எழுந்து போய்விடுவார். கண்ணளவும் கையளவும் கிராமுக்குள் அடங்காது. கதை இல்லாத குறிப்பு வெறும் மருந்துச் சீட்டு என்கிறார்கள். அவர்கள் காக்க நினைப்பது காக்கப்பட வேண்டியதுதான்.

ஆனால் பாட்டி படிவத்தை நிரப்ப வேண்டியதில்லை. பேத்தி நிரப்புவாள்; பாட்டி பேசுவார். கண்ணளவை அழிக்க வேண்டியதும் இல்லை. அளவுக் கட்டத்தில் எலுமிச்சை அளவு என்றே இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம், பாட்டி உருட்டி வைத்த அந்தப் புளியைத் தராசில் வைத்தபோது வந்த கிராமுக்கு. முதல் கட்டம் அவருடைய மொழி, இரண்டாவது அவரை அறியாதவருக்கான உதவி. எண்ணை மட்டுமே ஏற்கும் கட்டத்தைக் கட்டியவர் தவறு செய்தார் என்பதால் கட்டமே தவறு என்றாகாது.

கதை விஷயம் இன்னும் தெளிவானது. உணவு வலைப்பதிவுகளில் குறிப்புக்கு முன்னால் நீளும் உரையைப் பற்றி வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவருகிறார்கள். எழுதுகிறவர்களோ, விளம்பரமும் தேடல் தரவரிசையும் அந்த நீளத்தை நம்பியிருக்கின்றன என்கிறார்கள். அது தங்கள் வாழ்க்கை, தங்கள் குடும்பம் என்றும் சொல்கிறார்கள். 2021இல் ரெசிப்பீஸ்லி என்ற தளம், கதையும் விளம்பரமும் இல்லாமல் குறிப்பை மட்டும் எடுத்துக் காட்டுவதாக அறிவித்தது. உணவு எழுத்தாளர்களின் எதிர்ப்பு அடுத்த நாளுக்குள் அதை இறக்கிவிட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கையில் மாவோடு நிற்பவருக்குக் கதை இடைஞ்சல்தான். எழுதியவருக்கு அந்தக் கதை உழைப்புதான். இருவரும் மோதிக்கொண்டதற்குக் காரணம், இரண்டையும் ஒரே பெட்டியில் ஊற்றி வைத்த அமைப்பு. கதைக்குத் தனிக் கட்டம் கொடுங்கள். சமைக்கும்போது பார்க்கும் பக்கத்தில் பொருளும் படிகளும் மட்டும் பெரிய எழுத்தில் வரட்டும். படிக்கும் பக்கத்தில் கதை முழுதாக, யாரும் தாண்டி ஓடாத இடத்தில், தகுந்த மரியாதையோடு இருக்கட்டும்.

உரிமை என்ற கோணத்திலும் இது எழுதுகிறவருக்கே நல்லது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வெறும் பொருள் பட்டியலுக்குக் காப்பு இல்லை; அதோடு சேர்ந்த விளக்கமும் விவரணையும் இலக்கிய வெளிப்பாடாக இருந்தால் அவற்றுக்கு உண்டு. இரண்டு கப் அரிசி யாருடைய தனிச்சொத்தும் அல்ல. பஞ்ச காலத்தில் அந்த இரண்டு கப்பைக் கொண்டு எட்டுப் பேருக்குக் கஞ்சி காய்ச்சிய பெரியம்மாவைப் பற்றிய பத்தி, எழுதியவருடையது. அதை எழுதியவரே பொருள் பட்டியலோடு கலந்து கரைத்துவிட்டால் இழப்பு அவருக்கே.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

மென்பொருளை நிறுவுவதற்கு முன்னால் காகிதத்தை எடுங்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத குறிப்புகளாகப் பொறுக்குங்கள்: இட்லி, ஆவக்காய் ஊறுகாய், சாம்பார்ப் பொடி, ஐம்பது பேருக்கான பிரியாணி, முறுக்கு, சுக்குக் கஷாயம், மீன் குழம்பு. ஒவ்வொன்றையும் வெட்டிப் பாருங்கள். எதற்கு நாள் கணக்கு தேவை, எதற்கு வெயில் தேவை, எதில் ஒரு குறிப்புக்குள் இன்னொரு குறிப்பு இருக்கிறது, எது எத்தனை பேருக்கு என்பதைவிட எத்தனை கிலோ என்று கேட்க வேண்டியது. ஊறுகாய்க்கும் பொடிக்கும் எத்தனை பேருக்கு என்ற கேள்வியே பொருந்தாது. எவ்வளவு கிடைக்கும், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பவைதான் அவற்றின் கேள்விகள். இந்த வெட்டலில் கிடைப்பதே உங்கள் தளத்தின் வரைபடம். நான்கைந்து கட்டங்கள் எல்லாருக்கும் கட்டாயம், மற்றவை விருப்பம் என்று பிரித்துவிட்டால் எழுதுகிறவருக்கும் சுமை ஏறாது.

அதன் பிறகு வேர்ட்பிரஸையே எடுங்கள், தனி வகையும் தனிக் கட்டங்களும் அமைத்து. டுரூபலை எடுத்தாலும் சரி. வேர்ட்பிரஸில் ஓர் எச்சரிக்கை மட்டும்: இயல்பான தேடல் நாம் சேர்த்த தனிக் கட்டங்களுக்குள் பார்ப்பதில்லை, அதற்கும் சேர்த்து வேலை செய்யச் சொல்ல வேண்டும். பொருட்களை அந்தக் கட்டங்களுக்குள் மேல்தகவலாகச் செருகாமல் வகைப்பாட்டுச் சொற்களாகவோ தனிப் பதிவுகளாகவோ வைத்தால் பாதிச் சிக்கல் தொடக்கத்திலேயே தீரும்.

தளம் அமைத்துத் தருகிறவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன் மூன்று காரியங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெருங்காயம் சேரும் எல்லாக் குறிப்புகளையும், உரையில் அதைக் காயம் என்று எழுதியிருந்தாலும், ஒரே பக்கத்தில் வரவழைக்க வேண்டும். சாம்பார்ப் பொடியின் பெயரை ஓரிடத்தில் மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லாக் குழம்புகளிலும் மாற வேண்டும். எல்லாக் குறிப்புகளையும், அந்தத் தீமும் பிளகினும் இல்லாத வேறொரு கணினியில் திறந்து படிக்கக்கூடிய கோப்பாக, பொருள் வேறு அளவு வேறு என்று பிரித்தபடியே இறக்கித் தர வேண்டும். மூன்றாவதைச் செய்ய முடியாது என்று அவர் சொன்னால், முதல் இரண்டையும் எவ்வளவு அழகாகச் செய்து காட்டியிருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.